பேசினிலிருந்து நீச்சல் குளம் வரை: பிள்ளைகளுக்கு நீர்ப் பயிற்சி கொடுப்பது எப்படி?

தோட்டப்புறத்தில் தண்ணீரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே “கிட்டப் போகாதே” என்பதுதான். காரணம் இல்லாமல் இல்லை. லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கும் தோம்பு, செம்பனை நிரைகளுக்கு நடுவே வாய்க்கால், எப்போதோ ஈயம் தோண்டிவிட்டு மூடாமல் போன குட்டை, அதையும் தாண்டினால் ஆறு. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவள். பிளஸ் ஆற்றங்கரையில் அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் நினைவிருக்கிறது.

அதனால்தான், மூன்றரை வயதுப் பையன் ஒருவனைத் “தண்ணியில இறக்கிப் பாருங்க” என்று கிளினிக் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) சொன்னபோது அவன் பாட்டி என் பக்கம் திரும்பி, “தரையிலயே நிக்கத் தெரியாத புள்ள, தண்ணியில எப்படிம்மா நிக்கும்?” என்று கேட்டார். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில்.

நான் பிசியோ இல்லை. பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையம் ஒன்றில் பணியாளர். சமூக நல இலாகா 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் முன்னோட்டமாக ஆரம்பித்த திட்டம் அது; இப்போது நாடு முழுக்கப் பல சிற்றூர்களில் இருக்கிறது. இங்கே எழுதுவதெல்லாம் பிசியோ பக்கத்தில் நின்று கற்றதும், பிள்ளைகளோடு தண்ணீரில் நின்று கற்றதும். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த பிசியோ வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தரையில் முடியாதது தண்ணீரில் ஏன் முடிகிறது

கழுத்தளவு நீரில் நிற்கும்போது உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் கால்களில் இறங்குகிறது. நெஞ்செலும்பு முடியும் இடம் வரை நீர் இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடுப்பளவென்றால் பாதி. அந்தப் பையன் அப்போது 14 கிலோ. நெஞ்சளவு நீரில் அவன் கால் சுமக்க வேண்டியது 5 கிலோவுக்கும் குறைவு. ஒரு மூட்டை அரிசியைக் கூட்டிக் குறைப்பது போல, ஆழத்தை மாற்றியே அவன் சுமையை நாம் அளந்து கொடுக்கலாம்.

தண்ணீர் தாங்குவதோடு நிற்பதில்லை, சுற்றிலும் அழுத்துகிறது. தன் கால் எங்கே இருக்கிறது என்று சரியாக உணராத பிள்ளைக்கு இந்த அழுத்தம் பெரிய உதவி. இறுக்கமான காலுறை போட்டது போல உடம்பின் எல்லை தெரிகிறது. அதே அழுத்தம் நெஞ்சையும் அழுத்துவதால் மூச்சுத் தசைகளுக்கும் வேலை கிடைக்கிறது. மூச்சு பலவீனமான பிள்ளையை எடுத்த எடுப்பில் கழுத்தளவுக்குக் கொண்டு போகக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

பிறகு எதிர்ப்பு. காலை இருமடங்கு வேகத்தில் வீசினால் நீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக அசைத்தால் இலேசு, வேகமாக அசைத்தால் கனம். பிள்ளை தனக்குத் தேவையான கனத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. விழுவதும் அங்கே மெதுவாகத்தான் நடக்கும். தரையில் தடுமாறினால் அரை வினாடியில் முட்டியில் இரத்தம்; தண்ணீரில் சாய ஆரம்பித்த பிள்ளைக்குத் தன்னை நிமிர்த்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் மூளை கற்பதுதான் சமநிலை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூளைவாதமோ (செரிபிரல் பால்சி) டவுன் சிண்ட்ரோமோ இதனால் ‘குணமாகாது’. மூளைவாதம் உள்ள பிள்ளைகளின் அசைவுத் திறன் நீர்ப் பயிற்சியால் கூடுவதாகக் காட்டும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 7,000 சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு, நீந்தப் பழகியவர்கள் பல திறன்களை முன்னதாகவே எட்டுவதாகச் சொன்னது. தன் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் நமக்குத் தெரியும். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: தரையில் பயிற்சி என்றால் அழுகிற பிள்ளை, தண்ணீரில் அதே பயிற்சியை முப்பது தடவை சிரித்துக்கொண்டே செய்கிறது.

படி 1: முதலில் கிளினிக்

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்து, “தண்ணியில விடலாமா?” என்று நேராகக் கேளுங்கள். பதிலை பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்திலேயே எழுதி வாங்குங்கள். குளத்துப் பாதுகாவலர் கேட்டால் காட்டலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. இழுப்பு (வலிப்பு) வருமா, கடைசியாக எப்போது வந்தது? கட்டுப்படாத இழுப்பு இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். கட்டுப்பட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கென்று தனி ஆள் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த பிள்ளையைப் பெற்றோர் தாமாகவே தண்ணீரில் இறக்கவே கூடாது. காதில் சீழ், காதுக்குள் வைத்த சின்னக் குழாய், ஆறாத புண், காய்ச்சல் இவற்றையும் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும் என்பதால் இதயத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர்களில் சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். கரையிலிருந்து தலைகீழாகக் குதிப்பது அவர்களுக்குக் கூடவே கூடாது.

வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையை நின்ற மறுநாளே கூட்டி வருபவர்கள் இருக்கிறார்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் தண்ணீரிலும் நாள்கணக்கில் சாகாது. நின்று இரண்டு வாரம் கழித்து வாருங்கள். நீச்சல் பேம்பர்ஸ் அதைத் தடுக்காது.

வயதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கருத்து: ஒரு வயதுக்குப் பிறகு நீச்சல் பழக்குவது மூழ்கும் ஆபத்தைக் குறைக்கலாம், முறையான வகுப்புக்குப் பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதில் தயாராகிறார்கள். ஒரு வயதுக்குள் என்றால் அது விளையாட்டு. தாயும் பிள்ளையும் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் நல்லதுதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: எந்தத் தண்ணீர்?

ஆறு வேண்டாம். ஆற்றில் குளித்து வளர்ந்தவள்தான் சொல்கிறேன். மலையில் பெய்த மழை வெயிலடிக்கும் இடத்தில் திடீரென்று இறங்கும். கெபாலா ஆயேர் என்ற அந்தத் திடீர் வெள்ளத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் வேறு. 2010-இல் பகாங்கின் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிலேயே சிலர் அந்தக் காய்ச்சலாலும் அதனோடு சேர்ந்து தொற்றிய இன்னொரு கிருமியாலும் இறந்தார்கள்.

வெந்நீர் ஊற்றும் வேண்டாம். பேராக்கில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். சுங்கை கிளாவுக்குப் பிள்ளையைக் கொண்டு போய்க் காலை முக்கினால் நரம்பு இளகும் என்று சொல்லாத பெரியவர் இல்லை. அந்த ஊற்றில் முட்டை வேகவைக்கிறார்கள். ஆற்றி வைத்த குளங்களும் சின்னப் பிள்ளைக்கு அதிகச் சூடுதான், உடம்பு சீக்கிரம் கொதித்துவிடும். உணர்ச்சி குறைந்த கால் சுடுவதைச் சொல்லவும் சொல்லாது.

சிகிச்சைக்கென்றே கட்டிய குளங்களில் நீர் 33 முதல் 36 டிகிரி வரை இருக்கும். இறுகிய தசை தளர அந்த வெதுவெதுப்பு வேண்டும். நமக்குக் கிடைப்பது திறந்தவெளிப் பொதுக் குளம். எங்களுக்கு அதற்கும் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போ போக வேண்டும். இரவு மழை பெய்திருந்தால் காலை பத்து மணிக்கும் தண்ணீர் சில்லென்று இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். குளிரில் இறுக்கம் கூடும், வந்த வேலை கெடும். ஆகவே வெயில் தண்ணீரைச் சூடாக்கிய பிறகு, அதே வெயில் பிள்ளையைச் சுடாத நேரம் வேண்டும். எனக்குச் சரிப்பட்டது பின்னேரம் நாலரைக்கு மேல். ஆனால் இடி மழை வருவதும் அதே நேரம்தான். இடி கேட்டால் உடனே ஏறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இறங்காதீர்கள். வேன் வாடகை கொடுத்து வந்துவிட்டோமே என்று வருத்தமாகத்தான் இருக்கும்.

குளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: கைப்பிடியுள்ள படிக்கட்டு, உங்கள் நெஞ்சளவுக்கு மேல் ஆழமில்லாத பகுதி, அடித்தரையின் கோடு தெளிவாகத் தெரியும் தண்ணீர். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் (அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.8 என்று பலகையில் எழுதி வைத்திருந்தால் நல்ல இடம். மூக்கை எரிக்கும் ‘குளோரின் நாற்றம்’ வந்தால் மருந்து தாராளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்த வாடை அது.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்திச் சட்டையோடு பல குளங்களில் விட மாட்டார்கள். அம்மாக்கள் பாதிப் பேர் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுகிறார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலாய்ப் பெண்களுக்கென்று முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை விற்கிறார்கள். நானும் அதைத்தான் போடுகிறேன். எங்கள் வேனில் வரும் நான்கு அம்மாக்களும் அதேதான்.

மிதவை என்ற மோசடி

இதைப் படி என்று எண்ணவில்லை, ஆனால் எந்தப் படியையும்விட முக்கியம்.

ஆரம்ப காலத்தில் எங்கள் மையத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த கைமிதவைகளை ஒரு பையனுக்கு மாட்டினேன். கால் இரண்டும் இறுக்கமான பிள்ளை. தூவாலை எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் கைகள் மேலே, கால்கள் பின்னால் மிதக்க, முகம் தண்ணீருக்குள். சத்தமே இல்லை. மிதவை அவனைக் குப்புறப் பிடித்து வைத்திருந்தது. புரண்டு மல்லாக்க அவனுக்குத் தெரியாது. தூக்கியதும் இருமி அழுதான். அன்றைக்கு நான் அந்த அம்மாவிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அடுத்த மாதம் முழுக்க அவர் வரவில்லை.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம் இன்னும் மோசம். ஒரு குழந்தை இறந்த பிறகு, 2022-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு, குறிப்பாகச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு, நீர்ச் சிகிச்சை என்ற பெயரில் இதை மாட்டவே வேண்டாம் என்று எச்சரித்தது. இணையக் கடைகளில் இருபது வெள்ளிக்கு இன்றும் கிடைக்கிறது.

மிதவை மாட்டினால் பிள்ளை கற்பது மிதவையின் சமநிலையை. கழற்றியதும் எல்லாம் போய்விடும். லண்டனில் ஹாலிவிக் பள்ளியில் 1949 வாக்கில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஆரம்பித்தபோதே மிதவையை ஒதுக்கிவிட்டார். ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். பிடிப்பது கை, ரப்பர் இல்லை. அவருடைய பத்து அம்ச முறையைத்தான் உலகெங்கும் பிசியோக்கள் இன்றும் கையாள்கிறார்கள். கீழே நான் சொல்லப்போவதும் அந்த வழிதான், நம் வசதிக்குச் சுருக்கியது. பத்து அம்சத்தையும் நான் என் பாஷையில் ஒரே வேலையாகத்தான் புரிந்துகொண்டேன்: பிடியை எப்போது, எங்கே, எவ்வளவு குறைப்பது.

படி 3: வீட்டு பேசினில் இரண்டு வாரம்

குளத்துக்குப் போகும் முன் வீட்டில் ஆரம்பியுங்கள். துணி ஊறவைக்கும் பெரிய பேசின் போதும். பிள்ளை உட்கார்ந்தால் தொப்புள் வரை வரும் அளவு தண்ணீர்; சூட்டை முழங்கையால் பாருங்கள், சுடவும் கூடாது சில்லென்றும் இருக்கக் கூடாது.

குவளையால் முதலில் காலில், பிறகு முதுகில், தோளில், கடைசியாகத் தலையில் ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்லி ஊற்றுங்கள். பிள்ளைக்கு எதிர்பாராமல் வருவதுதான் பயம். பிங்பாங் பந்து ஒன்றை மிதக்கவிட்டு ஊதித் தள்ளச் சொல்லுங்கள். ஊதுவது விளையாட்டு மாதிரி தெரியும்; ஆனால் முகம் தண்ணீருக்குக் கிட்டே வந்ததும் வாயை மூடி ஊதிப் பழகிய பிள்ளை குளத்தில் தண்ணீர் குடிக்காது. அந்தப் பையனுக்கு உதடு குவியவே ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் பந்து நகர்ந்தபோது அவன் பந்தைப் பார்க்கவில்லை, பாட்டியைப் பார்த்தான்.

முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. அரை வாளித் தண்ணீரில் குழந்தை மூழ்கும். வெளியே உள்ள தோம்புக்கும் மூடி போடுங்கள். பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

படி 4: குளத்தில் முதல் நாள்

முதல் நாள் பயிற்சி எதுவும் வேண்டாம். படியில் உட்காருங்கள், பிள்ளை மடியில். கால் நனையட்டும். பதினைந்து நிமிடம் போதும்.

இறங்கும்போது பிள்ளையின் முகம் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிடி: இரண்டு அக்குளுக்கும் கீழே, விரல் விரிந்து, கட்டைவிரல் முன்னால். இறுக்கிப் பிடித்தால் உங்கள் பயம் அவன் தோளில் ஏறிவிடும். நீங்கள் முழங்காலை மடக்கி உங்கள் தோளும் நீருக்குள் போகும்படி தாழுங்கள். இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்கிப் பிடித்தால் அது தண்ணீரில் இல்லை, உங்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் தண்ணீரில் நிற்கவே பயப்படுகிறவர் என்றால் மாமாவையோ சித்தியையோ இறக்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 5: சாய்வது, புரள்வது, எழுவது

இந்தப் படிதான் உயிரைக் காப்பது. அவசரப்படாமல் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கவாட்டுச் சாய்வு. முகம் பார்த்துப் பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தின் ஊசல் போல மெதுவாக இடம், வலம். உடம்பு இடப்பக்கம் சாயும்போது தலை தானாக நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிர ஆரம்பித்தால் பிடியை அக்குளிலிருந்து விலாவுக்கு இறக்குங்கள்.

அடுத்தது படுப்பதும் எழுவதும். பிள்ளையின் பின்னால் நின்று, தலை உங்கள் தோளில் சாய, மல்லாக்கப் படுக்க வையுங்கள். காது நீருக்குள் போகும். அந்தச் சத்தம் பலருக்குப் பிடிக்காது, பாடிக்கொண்டே செய்யுங்கள். எழ வேண்டுமென்றால் முகவாயை நெஞ்சுக்குக் கொண்டு வந்து, முட்டியை மடக்கி, இரு கையையும் முன்னால் நீட்ட வேண்டும். “முட்டி வயித்துக்கு, கை முன்னால” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். கால் தரையைத் தேடிப் போகும் அந்தக் கணத்தில் மட்டும் இடுப்பில் கை கொடுங்கள்.

மூன்றாவது உருள்வது: மல்லாக்கக் கிடப்பவனை ஒரு பக்கமாக உருட்டித் திரும்ப மல்லாக்க. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை மிதக்க வைத்ததுமே தானாக ஒரு பக்கம் உருளும். தலையை எதிர்ப்பக்கம் திருப்பினால் நிற்கும். இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் ஆச்சரியத்தைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது வராது.

கடைசியில் எழுவதையும் உருள்வதையும் சேர்ப்பது. முன்னால் குப்புற விழுந்தவன் உருண்டு மல்லாந்து மூச்சு வாங்குவது. நான் கைமிதவையை மாட்டிவிட்ட பையனுக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு நீச்சல் போட்டியில் மெடல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 6: சும்மா கிடப்பது

மூச்சை இழுத்தால் உடம்பு மேலே வருகிறது, விட்டால் சற்று இறங்குகிறது. தண்ணீர் தன்னைத் தூக்கும் என்று பிள்ளை நம்ப, இடுப்பளவு நீரில் தரையில் கிடக்கும் வளையத்தை எடுக்கச் சொல்லுங்கள். கீழே போவதுதான் கஷ்டம் என்று அதற்குப் புரியும்.

பிறகு மல்லாக்க மிதப்பது. ஒரு கை பிடரியில், ஒரு கை இடுப்புக்குக் கீழே. உள்ளங்கை, பிறகு விரல்கள், பிறகு இரண்டே விரல். நீங்கள் கையை எடுத்துவிட்டதைப் பிள்ளை அறியாதபோது பத்து வரை எண்ணுங்கள். தொய்ந்த உடம்புள்ள பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வரும், இறுக்கம் உள்ளவர்களுக்குக் கால் மூழ்கும், நேரமாகும்.

படி 7: நடை

நெஞ்சளவில் ஆரம்பித்து வாரங்கள் போகப் போக இடுப்பளவுக்கு வாருங்கள். ஆழம் குறையக் குறையக் காலில் பாரம் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம். நேராக முன்னால் நடப்பதோடு நிறுத்தாமல் பக்கவாட்டிலும், பின்னாலும், தரையின் கோட்டின் மேலும் நடக்கட்டும். நீங்கள் முன்னால் பின்னோக்கி நடந்தால் உங்கள் முதுகு கிழிக்கும் சுழலில் பிள்ளை இலேசாக இழுபட்டு வரும். கடினமாக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நின்று கையால் நீரைக் கலக்குங்கள்.

அந்தப் பையன் நுனிக்காலில் நடக்கிறவன். தரையில் ஸ்பிளிண்ட் (காலைத் தாங்கும் கட்டு) போட்டால்தான் குதிகால் பதியும். ஆறாவது வாரமோ ஏழாவதோ, நெஞ்சளவு நீரில் என் இரு விரலைப் பிடித்து நின்றான். அவன் நின்றது நீல ஓடும் வெள்ளை ஓடும் சேரும் கோட்டில். நுனிக்கால் விரல்கள் அந்தக் கோட்டைப் பற்றியிருந்தன. கொஞ்ச நேரத்தில் குதிகால் இறங்கியது. முதலில் வலது, பிறகு பாதி இடது. நான் எதுவும் சொல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் கத்திவிடுவேன், கத்தினால் அவன் உடம்பு மறுபடி இறுகும். கரையில் பாட்டி, “என்னம்மா, கால வலிக்குதா அவனுக்கு?” என்றார்.

அன்றிரவே வீட்டில், ஸ்பிளிண்ட் இல்லாமல் சுவரைப் பிடித்துப் பத்து தடவை உட்கார்ந்து எழ வைக்கச் சொன்னார் பிசியோ. தண்ணீரில் தளர்ந்ததைத் தரையில் அன்றே பயன்படுத்தாவிட்டால் மறுநாள் பழையபடி ஆகிவிடும் என்றார். வாரம் இரண்டு தடவை குளம் என்பது நல்ல கணக்கு. எங்களால் ஒன்றுதான் முடிகிறது. மற்ற ஆறு நாளும் தரைதான்.

படி 8: நீச்சல்

இதை நீட்ட விரும்பவில்லை, நல்ல பயிற்றுநர் பார்த்துக்கொள்வார். மல்லாந்து நீந்துவதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மூச்சுக்குச் சிரமமில்லை. சாதாரணப் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் படியை முடிக்காமல் இதற்கு வரக் கூடாது. ஒரு கை மட்டும் வலுவான பிள்ளை வட்டமடிக்கும். வட்டமடித்துக்கொண்டே போனாலும் அது நீச்சல்தான்.

படி 9: ஏறிய பிறகு

உதடு நீலமானாலோ, தோள் நடுங்கினாலோ, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று பேச்சை நிறுத்தினாலோ உடனே ஏற்றுங்கள். அரை மணி நேரம் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். படியில் ஏறும்போது நின்று ஏறட்டும். எடை திரும்ப வருவது உடம்புக்குத் திடீரென்று கனமாகத் தெரியும், கால் மடங்கும், பின்னால் கை வைத்திருங்கள். தலையை முதலில் துவட்டுங்கள். தலையை இருபக்கமும் சாய்த்துக் காதில் நீர் வடியட்டும். குச்சி விட வேண்டாம். சுடச்சுட ஒரு மைலோ.

ஏதாவது ஆகிவிட்டால்

மூழ்கும் பிள்ளை கத்தாது, கையசைக்காது. வாய் நீர் மட்டத்தில் போய் வரும், தலை பின்னால் சாயும், 20 முதல் 60 வினாடிக்குள் அடங்கிவிடும். அதனால் எத்தனை பாதுகாவலர் இருந்தாலும், இன்னும் பழகாத பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர்.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று தோட்டத்தில் பார்த்ததையெல்லாம் விட்டுவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, முகவாயை உயர்த்தி, முதலில் வாயில் ஊதுங்கள்; நெஞ்சு எழும்படி இரண்டு முதல் ஐந்து மூச்சு. அசைவோ மூச்சோ வராவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. முதலுதவிப் பயிற்சி நடக்கும்போது போய் பொம்மையில் அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு பலம் வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.

நோட்டுப் புத்தகம்

பள்ளி நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம்: எவ்வளவு ஆழம், எத்தனை காலடி நடந்தான், என் பிடி எங்கே இருந்தது, எத்தனை நிமிடத்தில் குளிர்ந்தான். கிளினிக்கில் பிசியோ “எப்படி இருக்கான்?” என்று கேட்டால் “நல்லா இருக்கான்” என்று சொல்வதைவிட இதை நீட்டுங்கள்; அவர் ஸ்பிளிண்டை மாற்றுவதா, இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசிக்கு எழுதுவதா என்று முடிவெடுக்க உதவும்.

அந்தப் பையனின் நோட்டில் போன மாதக் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: “இடுப்பளவு. 14 அடி. ஒரு விரல், வலது கை. 28 நிமிடம். பாட்டி இரண்டாம் படி வரை இறங்கினார்.”